ஜாக்கெட் இருக்கா அண்ணா?

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே உங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த மெசேஜ் வந்துடும். "மச்சி, ஒரு நாள் ட்ரிப், எங்க போலாம்?" மகாபலிபுரம் நாலு தடவை போயாச்சு. பாண்டிச்சேரின்னா வீட்ல விட மாட்டாங்க. ஏலகிரிக்கு பட்ஜெட் பத்தாது. கடைசியில் யாராவது ஒருத்தர் "பழவேற்காடு போலாமா?" என்று கேட்பார். கூடவே நாலு ரீல்ஸ் அனுப்புவார். எலும்புக்கூடு செதுக்கிய கல்லறை வாசல், ஏரி நடுவில் கூட்டமாக நிற்கும் பூநாரைகள், படகு, கடலும் ஏரியும் சேரும் இடத்தில் குளியல். எல்லாரும் தம்ஸ் அப் போட்டுவிடுவீர்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம். நீங்களும் போங்க, வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போற வழி சுலபம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் ஏறி பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே டச்சுக் கல்லறைக்குப் போய்விடலாம். வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். கறுப்புக் கற்பலகைகளில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் நேற்று செதுக்கியது போல இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் என்பதால் ஓரளவு சுத்தமாகவும் இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஜெல்ட்ரியா கோட்டை இருந்த இடம். "இருந்த இடம்" என்றுதான் சொல்ல வேண்டும். 1613-இல் கட்டி முடித்த கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது அகழியும் மேடும் முட்செடியும்தான். சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்த ஊர் வழியாகத் துணி தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனது, அங்கிருந்து மசாலா வந்தது. உங்க தாத்தா கட்டியிருந்த பழையகாட் லுங்கி ஞாபகம் இருக்கா? அந்தப் பெயர் இந்த ஊரின் பெயர்தான்.

துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மக்களை அடிமைகளாக வாங்கி, ஆயிரக்கணக்கில் இதே கரையிலிருந்து கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான படேவியா பக்கம் அனுப்பியிருக்கிறது கம்பெனி. கப்பலில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கணக்கும் எழுதி வைத்தது. மனிதர்கள் என்பதால் எழுதிய கணக்கு இல்லை அது, சரக்கு என்பதால் எழுதியது. அந்த விஷயத்தைப் படித்தது ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அன்று மதியம் நாங்கள் ஏறிய படகு. அதில் நாங்கள் எத்தனை பேர் ஏறினோம் என்று யாரும் எங்கேயும் எழுதவில்லை.

அந்தப் படகுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கரையில் நின்ற ஒரு அண்ணன் முகத்துவாரம் வரை கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரேன் என்றார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு 'முகத்துவாரம்' என்ற சொல்லே அன்றுதான் தெரிந்தது. ஏரி கடலில் திறக்கும் வாசல். நாங்கள் எட்டு பேர். "இன்னும் மூணு பேர் வந்தா கிளம்பிடலாம்" என்றார். கைக்குழந்தையோடு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். படகு கிளம்பியது. மீன்பிடிக்கப் போகும் அதே ஃபைபர் படகு, பின்னால் ஒரு மோட்டார்.

ஏறும்போது எங்களில் ஒருவன் மட்டும் கேட்டான். "லைஃப் ஜாக்கெட் இருக்கா அண்ணா?"

அவர் சிரித்தார். "ஒண்ணும் ஆவாது தம்பி. ஏரி ஃபுல்லா இடுப்பளவு தண்ணிதான்."

நாங்களும் சிரித்தோம். "இவன் நேத்து நைட் டைட்டானிக் பாத்துட்டு வந்துட்டான்ணா" என்று சொன்னது நான்தான். 

பாதி வழியில் தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன. எல்லாரும் எழுந்தோம். ஒரே பக்கமாக எழுந்தோம், ஏனென்றால் பறவைகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. படகு சட்டென்று சாய்ந்தது. ஓரத்தில் ஒரு கை தண்ணீர் உள்ளே வந்தது. "உக்காருங்கப்பா! உக்காருங்க!" என்று அண்ணன் கத்தினார். உட்கார்ந்தோம். படகு நிமிர்ந்தது. அந்த அக்கா குழந்தையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். திரும்பி வரும் வரை பிடியைத் தளர்த்தவே இல்லை.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. அன்று சாயந்திரம் இறால் தொக்கு சாப்பிட்டோம், ரீல் போட்டோம், நானூறு லைக் வந்தது. ஒன்றும் நடக்காததால்தான் அந்த ரீலைப் பார்த்து இன்னும் பத்து பேர் அதே மாதிரி படகில் ஏறுவார்கள்.

நடந்த கதை ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரிக்குச் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆமாம், தடை. நாங்கள் ஏறியது தடை செய்யப்பட்ட சவாரி. எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறியிருப்போம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தடைக்குப் பிறகும் சவாரி நடப்பதாகச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஏன் நிற்கவில்லை என்று யோசித்தால் பதில் கஷ்டமில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஏரி. ஏரி இருந்தால் ஆள் வருவார்கள். வந்தவர் கையில் காசு இருக்கிறது, கரையில் படகு இருக்கிறது. ஒரு போர்டும் எப்போதாவது வரும் ரோந்தும் இந்த இரண்டையும் பிரித்து வைக்க முடியாது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பழவேற்காட்டில் இந்தத் தடை யாரையும் காப்பாற்றவில்லை. சவாரி நடக்கிறது, ஆனால் அதிகாரபூர்வமாக நடக்கவில்லை. அதனால் ஜாக்கெட் வாங்கச் சொல்ல ஆள் இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் இல்லை. படகைப் பரிசோதிக்க ஆள் இல்லை. இல்லாத ஒன்றுக்கு எப்படி விதி போடுவது? தடை போட்டதோடு எல்லாருடைய பொறுப்பும் முடிந்துவிட்டது. மீதி எல்லாம் அந்த அண்ணன் தலையிலும், ஏறிய நம் தலையிலும்.

இப்போது மூன்றாம் செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தை ஒரு நிமிஷம் திறப்போம். பயப்படாதீங்க, ஒரு பாராதான். மிதக்கும் பொருள் சாய்ந்தால் திரும்ப நிமிர வேண்டும் என்றால், மெட்டாசென்டர் என்ற புள்ளி அதன் எடை மையத்துக்கு மேலே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய, படகு நிமிரும் சக்தி குறையும். மீன் பிடிக்கப் போகும்போது வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும். எடை மையம் கீழே. அதே எடைக்கு மனிதர்களை ஏற்றினால், பலகையிலும் ஓரத்திலும் உட்காருவார்கள். எடை மையம் மேலே வரும். அவர்கள் எழுந்து நின்றால் இன்னும் மேலே. எல்லாரும் ஒரு பக்கம் போனால் படகைச் சாய்க்கும் திருப்புவிசையும் சேர்ந்துகொள்ளும். கூடுதல் ஆள் ஏறியதால் படகு ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், அதனால் ஓரம் தண்ணீரைத் தொடக் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் அது சாய்ந்த பக்கமே ஓடும்.

ஆக, தினமும் கடலுக்குப் போய் வருகிற நல்ல படகு, நல்ல ஓட்டுநர், அமைதியான ஏரி, இந்த மூன்றும் இருந்தும் கவிழலாம். மீன்கள் செல்ஃபி எடுக்க எழுந்து நிற்பதில்லை. அந்தப் படகு மீனுக்காகக் கட்டப்பட்டது, நமக்காக இல்லை.

2023 மே 7-ஆம் தேதி கேரளாவில் மலப்புறம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். இறந்தவர்கள் 22 பேர். பழவேற்காட்டில் இறந்த அதே எண்ணிக்கை. பன்னிரண்டு வருஷத்தில் மாறியது ஊர் பெயர் மட்டும்தான்.

"இடுப்பளவு தண்ணி" விஷயத்துக்கும் வருவோம். அண்ணன் பொய் சொல்லவில்லை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் 'சராசரி' என்ற சொல்லை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதையை நம் ப்ராபபிலிட்டி சார் முதல் கிளாஸிலேயே சொல்லியிருக்கிறார். ஏரி முழுக்கச் சமமான தரை இல்லை. படகு போகும் கால்வாய்கள் ஆழமானவை. முகத்துவாரம் வேறு உலகம்.

அந்த இடத்தில்தான் எல்லாரும் குளிக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிறது. கடல் மட்டம் இறங்கும் நேரத்தில் இந்தப் பக்கத்து ஏரித் தண்ணீர் எல்லாம் அந்தக் குறுகிய வாய் வழியாக வெளியே போயாக வேண்டும். பரப்பு குறைந்தால் வேகம் கூடும் என்பது நமக்குத் தெரிந்த சமன்பாடு. மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும், கீழே இழுக்கும். இழுக்கும் திசை கடல். அடியில் இருக்கும் மணலும் நிலையானது இல்லை. போன மாதம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த மாதம் ஆளை முழுங்கலாம். தினமும் அந்த வழியே போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் படகை விடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை போகும் நாம் ரீலைப் பார்த்து இறங்குகிறோம்.

சரி, படகுக்கார அண்ணன்தான் வில்லனா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்ளும். மூடினால் படகுகள் கடலுக்குப் போக முடியாது. கடலிலிருந்து இறால் குஞ்சும் மீனும் ஏரிக்குள் வருவது குறையும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது இந்தக் கிராமங்களின் பல வருஷக் கோரிக்கை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. நாம் பழவேற்காட்டுக் கரையில் நின்று ராக்கெட் பார்த்துக் கை தட்டும் நாளில், பாதுகாப்புக்காக இவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் வந்ததால் மீன்பாடு குறைந்துவிட்டது என்று அவர்கள் தொடர்ந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி இருக்கிற ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பத்து பேரை ஏற்றினால் ஒரு நாள் கூலி கிடைக்கும் என்றால் ஏற்றாமல் என்ன செய்வார்?

அதனால் நான் கேட்பது தடையை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள் என்பதில்லை. சவாரியைக் கிராமங்களின் கையிலேயே, சட்டப்படி கொடுங்கள்.

இதை எப்படிச் செய்வது என்று வெளியிலிருந்து யாரும் வந்து அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை காலங்காலமாக இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்தில் வலை போட்டால் சண்டை வரும். அதனால் இன்று இந்த இடம் யாருக்கு, நாளை யாருக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்து அதைப் பார்த்துக்கொள்ளும். மீறினால் ஊர் கேட்கும். நம் கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்குப் புரியும்படி சொன்னால், ரவுண்ட் ராபின். ஆப்பரேட்டிங் சிஸ்டம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே.

அதே முறையைச் சுற்றுலாப் படகுக்கும் வைக்கலாம். இந்த வாரம் இந்தக் குப்பத்துப் படகுகள், அடுத்த வாரம் அடுத்த குப்பம். முறை வைத்துவிட்டால் போட்டி இல்லை. போட்டி இல்லாவிட்டால் "இன்னும் மூணு பேர் வரட்டும்" என்று காத்திருக்கும் அவசியமும் குறையும். சவாரிக்கென்று அகலமான, தட்டையான சில படகுகள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று பெயின்டில் பெரிதாக எழுதிய எண். ஏறும் துறையில் ஒரு நோட்டு, அதில் ஏறியவர் பெயரும் இறங்கியவர் பெயரும். குழந்தை சைஸ் உட்பட ஜாக்கெட்டுகள். காற்று அடித்தால் சவாரி இல்லை. முகத்துவாரத்துக்குப் போகவே கூடாது, பறவைகளிடமிருந்தும் தூரம் விட வேண்டும், ஏனென்றால் இது பறவைகள் சரணாலயமும்கூட. இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ராக்கெட் பக்கத்துத் தீவில் இருக்கிறது.

சிதம்பரம் பக்கத்தில் பிச்சாவரம் போயிருப்பீர்கள். அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் டிக்கெட் வாங்கி, ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் அலையாத்திக் காட்டுக்குள் போகிறோம். அதே மாநிலம், அதே மாதிரி உப்பு நீர், அதே மாதிரி காலேஜ் கூட்டம். அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது? உள்நாட்டு நீர்வழிப் படகுகளின் பதிவுக்கும் பரிசோதனைக்கும் உயிர்காக்கும் சாதனங்களுக்கும் 2021-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் 'நடக்காத' சவாரிக்கு எந்தச் சட்டமும் உதவாது.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். அரசு நடத்தினால் மட்டும் பாதுகாப்பா? இல்லை. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைக் கொன்ற படகு கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுதான். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. எங்கள் பூநாரைகள் மாதிரியே. அதனால் போர்டில் யார் பெயர் இருக்கிறது என்பது பெரிசில்லை. எண்ணுவதற்கு ஒரு ஆள், 'போதும், இதுக்கு மேல ஏத்த மாட்டேன்' என்று சொன்னால் வருமானம் போகாத ஒரு ஆள், அவர்தான் முக்கியம். முறை வைத்து நடத்தினால் அப்படி ஒருவரை வைக்க முடியும் என்பது என் நம்பிக்கை.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. பாடு முறையில் ஊரில் எல்லாருக்கும் இடம் இல்லை. சில கிராமங்களுக்கும் சில சமூகங்களுக்கும் மட்டும் உள்ள உரிமை அது. அதனால் சண்டைகளும் நடந்திருக்கின்றன. புதிதாகச் சவாரி முறை வைக்கும்போது, விட்டுப்போனவர்களையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். நண்டு பிடிப்பவர்கள், கரையில் சாப்பாடு போடும் அக்காக்கள், பனை ஓலையில் கூடை முடையும் முஸ்லிம் பெண்கள், இவர்களுக்கும் அந்த நாள் வருமானத்தில் பங்கு வர வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கமும் கிராமங்களும் சேர்ந்து செய்ய வேண்டியது. எப்போது நடக்குமோ தெரியாது. உங்க ட்ரிப் அடுத்த வாரம். அதனால் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

கல்லறைக்குப் போங்க. கோட்டை மேட்டில் ஏறி நில்லுங்க. பள்ளிவாசலின் நிழல் கடிகாரத்தைக் கேட்டுப் பாருங்க. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளத்துக்குச் செதுக்கிய ராமாயணச் சிற்பங்களைத் தேடிக் கண்டுபிடியுங்க. பூநாரை பார்க்கக் கரையே போதும், நல்ல பைனாகுலர் ஒன்று கடன் வாங்கிட்டுப் போங்க. மதியம் ஊருக்குள்ளேயே சாப்பிடுங்க, உங்க காசு அங்கேயே தங்கட்டும். ஏரியில் கால் நனைக்கலாம். முகத்துவாரத்தில் இறங்காதீங்க, நீச்சல் தெரிந்தாலும். 

படகில் இப்போதைக்கு ஏறாதீங்க. இதைப் படித்த பிறகும் யாராவது ஏறத்தான் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் உங்க வயசுதான். அப்படி ஏறும் நிலை வந்தால், காலை வைப்பதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. இல்லை என்றால் இறங்கி வந்துடுங்க. பத்து குரூப் கேட்டு, பத்து குரூப்பும் திரும்பிப் போனால், பதினோராவது குரூப் வரும்போது படகில் ஜாக்கெட் இருக்கும். சட்டம் வருவதற்கு முன்னால் அது வரும்.

எங்க குரூப்பில் அதைக் கேட்டவனைப் பார்த்து நான் சிரித்தேன். ட்ரிப் முடிந்து ஒரு வாரம் கழித்து, 2011 பற்றிப் படித்த அன்று ராத்திரி அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "சாரி டா." அவனுக்கு எதற்கென்றே புரியவில்லை. "எதுக்கு டா?" என்று கேட்டான்.

உங்க குரூப்பிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். கேட்கும்போது சிரிக்காதீங்க. கூடச் சேர்ந்து கேளுங்க.